முட்டியாச்சு

அக்டோபர் ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை பிற்பகல், நகருக்கு மேற்கே உள்ள அணையில் மூன்று மதகுகள் திறக்கப்பட்டன. ஆற்றோர நடைபாதையும் சைக்கிள் பாதையும் மாலைக்குள் மூடப்பட்டதாக நகராட்சிப் பொறியாளர் அலுவலகத்துக்குத் தகவல் போனது.

மூடுவது என்றால் கதவைச் சாத்திப் பூட்டுவது மட்டும் இல்லை. பாதை மேல்வாசலில் தொடங்கி, ஆறு வளைகிற இடமெல்லாம் தானும் வளைந்து, நகரத்தின் முதுகுப் பக்கமாகவே போய்க் கீழ்வாசலில் முடிகிறது. ஒரு பக்கம் ஆறு. மறுபக்கம் ஆள் ஏற முடியாத கல்சுவர். நடுவில் எங்கேயும் வெளியே போக வழி கிடையாது. அதனால் வெள்ள எச்சரிக்கைச் சங்கு ஊதியதும் இரண்டு வாசலிலும் சங்கிலியைக் குறுக்கே போட்டுவிட்டு, இரண்டு காவலர்கள் சைக்கிளில் எதிரும் புதிருமாகக் கிளம்ப வேண்டும். எதிர்ப்படுகிற ஆட்களை எல்லாம் தங்கள் பின்னால் திருப்பி அனுப்பிக்கொண்டே வந்து நடுவில் சந்திக்க வேண்டும். சந்தித்துவிட்டால் இடையில் யாரும் இல்லை என்று பொருள்.

மேல்வாசல் காவலுக்கு இருந்தவளை நடைக்கு வருகிறவர்கள் பாதையக்கா என்று கூப்பிட்டார்கள். கீழ்வாசலில் இருந்தவன் அவள் கணவனின் தம்பி. வீட்டில் அவனுக்குச் சின்னவன் என்று பெயர், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனான பிறகும்.

அன்று சங்கு ஊதியபோது பாதையக்கா தன் கறுப்புச் சைக்கிளில் ஏறி மணியை அடித்துக்கொண்டே கிளம்பினாள். முட்டி வலிக்கு நல்லதென்று யாரோ சொன்னதைக் கேட்டுப் பின்பக்கமாகவே நடக்கிற ஓய்வு பெற்ற கோர்ட் குமாஸ்தா முதலில் எதிர்ப்பட்டார்.

"சார், திரும்புங்க. தண்ணி வருது."

"நான் திரும்பித்தாம்மா நடக்கறேன்."

"அப்போ நேரா நடங்க. தண்ணிக்கு முட்டி வலியெல்லாம் கிடையாது, உங்களைவிட வேகமா வரும்."

அடுத்த பெஞ்சில் ஒரு ஜோடி, ஒரே குடையை வெயிலும் மழையும் இல்லாத வேளையில் விரித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அவள் குடையின் மேல் விரலால் தட்டினாள். "மீதிப் பேச்சை வெளியில போய்ப் பேசுங்க. அப்பவும் மிச்சம் இருந்தா நாளைக்கு வாங்க, பெஞ்சு எங்கயும் போயிடாது." இருவரும் எழுந்து, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்கள்.

பாதையின் நடுவில் ஒரு பள்ளம் உண்டு. நகரத்து மழைநீரை எல்லாம் கொண்டுவருகிற ஓடை, கல்சுவரில் கம்பி அடித்த வாய் வழியாக வெளிவந்து ஆற்றில் சேருகிற இடம் அது. பாதை அங்கே சரிவில் இறங்கி, ஓடைக்கு மேல் போட்டிருக்கும் ஒரு கல்மேடையைக் கடந்து, மறுபடி மேடேறும். இந்த மேட்டில் நின்றால் அந்த மேடு தெரியும், கூப்பிடு தூரம்தான். அடியில் இருப்பது தெரியாது, ஓடை இரைச்சலில் ஆள் குரல் மேலே கேட்கவும் கேட்காது. சரிவெல்லாம் ஆளுயரப் புதர்.

பாதையக்கா தன் பக்கத்து மேட்டில் சைக்கிளை நிறுத்தினாள். எதிர்மேட்டில் சின்னவன் ஏற்கெனவே வந்து நின்றிருந்தான். ஒற்றைக் காலை ஊன்றிக்கொண்டு, முகத்தை ஆற்றுப் பக்கம் வைத்துக்கொண்டு. அவள் மணியை ஒரு தரம் அடித்தாள். அவனும் ஒரு தரம் அடித்தான். கையைத் தூக்கினான். அவளும் தூக்கினாள். இருவரும் வண்டியைத் திருப்பிக்கொண்டார்கள்.

போகிற வழியிலேயே அவள் அலுவலகத்துக்குப் போன் செய்து ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்: "முட்டியாச்சு."

அந்த வார்த்தைக்கு ஒரு கதை இருக்கிறது. முதல் வெள்ளத்தின்போது, இருவரும் வேலைக்குப் புதிது. பள்ளத்தின் அடியில் எதிரெதிரே வந்து, யார் வழி விடுவது என்று விளையாட்டாக முறைத்துக்கொண்டு நின்றார்கள். சின்னவன் மெதுவாக உருட்டி வந்து தன் முன் டயரை அவள் முன் டயரில் இடித்தான். "அண்ணி, முட்டியாச்சு! இனி ஒரு எறும்புகூட நடுவுல இல்ல," என்றான். அன்றிலிருந்து அதுவே அவர்களின் சட்டமாகிவிட்டது. டயரும் டயரும் முட்ட வேண்டும். முட்டாமல் திரும்பக் கூடாது. அலுவலகமும் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டது. "முட்டியாச்சா?" என்று பொறியாளரே கேட்பார்.

மே மாதத்தில் அது நின்றுபோனது. சங்கு ஊதிய பிறகு சைக்கிள் சங்கத்துக்காரர்கள் ஏழெட்டுப் பேர் கீழ்வாசலில் வந்து கெஞ்சியிருக்கிறார்கள். அதில் ஒருவர் சின்னவன் மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவர். சின்னவன் சங்கிலியைத் தூக்கி விட்டுவிட்டான். அவர்கள் பறந்து வந்து மேல்வாசல் வழியாகச் சிரித்துக்கொண்டே வெளியேறினார்கள். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பாதையக்காவுக்கு மனசு ஆறவில்லை. மறுநாள் காலை நேராகப் பொறியாளரிடம் போய்ச் சொல்லிவிட்டாள். சின்னவன் அப்போது இரண்டு வாசலுக்கும் மேற்பார்வையாளன். அந்தப் பொறுப்பைப் பிடுங்கி, வெறும் காவலனாக இறக்கினார்கள்.

"அண்ணியாம் அண்ணி. வெளியாளா இருந்தாக்கூட ஒரு வார்த்தை நம்மகிட்ட சொல்லிட்டுப் போயிருப்பாங்க," என்று சின்னவன் மனைவி தெருவுக்கே கேட்கிற மாதிரி பேசினாள். அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை அறுந்தது. பாதையக்கா செய்தது சரிதான். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை, சின்னவனுக்கும் இல்லை. சரியாகச் செய்தவளின் முகத்தைப் பார்க்கத்தான் அவனால் முடியவில்லை.

பார்க்க முடியாதவர்கள் டயரை எப்படி முட்டுவது? முதல் தடவை அவன் பள்ளத்தில் இறங்காமல் மேட்டிலேயே நின்று கையைத் தூக்கினான். சரி, உனக்கு அவ்வளவு இருந்தால் எனக்கும் இருக்கிறது என்று அவளும் இறங்கவில்லை. அதற்குப் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. ஐந்து மாதமும் இரண்டு மேட்டிலும் இரண்டு கைகள் உயர்ந்தன. அலுவலகத்துக்கு "முட்டியாச்சு" என்றே போனது.

அவள் மேல்வாசலுக்குத் திரும்பியபோது, வாடகை சைக்கிள்காரர் வண்டிகளைக் கழுவி வரிசையாக நிறுத்திக்கொண்டிருந்தார். எந்நேரமும் யாரையாவது வம்புக்கு இழுக்கிற மனிதர். அன்று சத்தமில்லாமல் வரிசையின் கடைசியில் இருந்த காலி இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒரு வண்டி வரலைக்கா. பச்சை வண்டி. பின்னால குழந்தை சீட்டு வச்சது."

"யாரு எடுத்தது?"

"பஸ் ஸ்டாண்ட் பக்கம் புதுசா கண்ணாடிக் கடை போட்டிருக்காரே, அவரு. கூடவே அவர் பொண்ணு, மூணு வயசு இருக்கும். இந்த ஊருக்கு வந்தே ஒரு மாசம்தான்."

"கீழ்வாசல்ல போயிருப்பாரு."

"அதத்தான் நானும் நெனச்சேன். உங்க கொழுந்தனுக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்களேன்."

அவள் போனைக் கையில் எடுத்தாள். எடுத்துவிட்டு, "நீங்களே கேளுங்க," என்றாள்.

சைக்கிள்காரர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். பார்த்துக்கொண்டே எண்களை அழுத்தினார். "தம்பி, பச்சை வண்டி ஒண்ணு, குழந்தையோட, உங்க பக்கம் வந்துச்சா? வரலையா? ... அப்படியா." போனை வாயிலிருந்து விலக்கி அவளிடம் சொன்னார். "அங்க வரலையாம். அண்ணி பக்கம் வந்திருக்கும்னு சொல்றாரு."

சொல்லிக்கொண்டே அவர் கண் அவள் சைக்கிளின் முன் டயருக்குப் போனது. பள்ளத்தில் இறங்கி ஏறின எந்த வண்டியும் சாம்பல் நிறக் களிமண் ஒட்டாமல் திரும்பாது. நாள் முழுக்க அதைத் தேய்த்துக் கழுவுகிறவர் அவர். அவள் டயரில் தூசிதான் இருந்தது.

பாதையக்காவும் குனிந்து டயரைப் பார்த்தாள். போனை அவர் கையிலிருந்து பிடுங்கினாள்.

"சின்னவனே, நீ பள்ளத்துல இறங்கினியா?"

ஐந்து மாதத்துக்குப் பிறகு அவனிடம் பேசிய முதல் வார்த்தைகள் அவை.

"நீங்க இறங்கினீங்களா?"

"இல்லடா."

"நானும் இல்ல அண்ணி."

போனை அவரிடம் திருப்பித் தந்தாளா, கீழே போட்டாளா என்று பிறகு அவளுக்கு நினைவில்லை. சைக்கிளில் ஏறியது நினைவிருந்தது. வழியில் தண்ணீர் பாதையின் ஓரத்துப் புல்லை நக்கிக்கொண்டிருந்தது. மேட்டில் வண்டியைப் போட்டுவிட்டுப் புதரைப் பிடித்துக்கொண்டு சரிவில் இறங்கினாள்.

பள்ளத்தின் அமைப்பு அப்படி. ஆறு ஏறும்போது முதலில் இரண்டு சரிவுகளின் அடியைத்தான் பிடிக்கும். நடுவில் உள்ள கல்மேடை கடைசியாகத்தான் முழுகும். அதனால் மேடையில் நிற்கிறவனுக்குத் தான் பத்திரமாக இருப்பதாகத் தோன்றும், போகிற வழி இரண்டும் அடைபடுகிற வரை. கண்ணாடிக் கடைக்காரர் ஓடை வாயின் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மகளைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு நின்றிருந்தார். தண்ணீர் அவர் முழங்காலைத் தாண்டியிருந்தது. பச்சை வண்டியின் கைப்பிடி ஒன்று மட்டும் வெளியே தெரிந்தது. குழந்தை அழவில்லை. அப்பாவின் தலைமுடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தது.

எதிர்ச்சரிவில் சின்னவன் சறுக்கிக்கொண்டே வந்து தண்ணீரில் விழுந்தான். எழுந்தான். இடுப்பளவு இழுப்பில் சுவரோடு ஒட்டி ஒட்டி நடந்து மேடையை எட்டினான். பாதையக்கா தன் பக்கத்திலிருந்து இறங்கினாள். சுவரில் அடித்திருந்த கைப்பிடிச் சங்கிலி அவள் உள்ளங்கையை அறுத்தது.

"குழந்தையைக் கொடுங்க சார். விடுங்க, கையை விடுங்க, பாப்பா முடியை விடும்மா!" என்று சின்னவன் கத்தினான். குழந்தையை வாங்கித் தலைக்கு மேலே தூக்கினான். "அண்ணி, நீட்டுங்க!"

அவள் நீட்டினாள். ஈரச் சட்டையோடு அந்தக் கனம் அவள் கைக்கு வந்ததும், வேறு எதையும் பார்க்காமல் மேட்டுக்கு ஏறினாள். திரும்பிப் பார்த்தபோது சின்னவன் அந்த மனிதரின் இடுப்பு பெல்ட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தான். இருவரும் சரிவில் வந்து குப்புற விழுந்தார்கள். கண்ணாடிக் கடைக்காரரின் மூக்குக் கண்ணாடி ஆற்றோடு போய்விட்டது. "பாப்பா எங்க, பாப்பா எங்க?" என்று அவள் கையில் இருந்த குழந்தையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

வியாழக்கிழமை உள்ளூர்ப் பத்திரிகையில் படம் வந்தது. நனைந்த சட்டையோடு சின்னவன், பக்கத்தில் கையில் கட்டோடு பாதையக்கா. கொழுந்தனும் அண்ணியும் உயிரைப் பணயம் வைத்து இரண்டு உயிர்களைக் காப்பாற்றினார்கள் என்று கீழே எழுதியிருந்தது. பாதை மூடப்பட்ட பிறகு அந்த மனிதர் எப்படி உள்ளே இருந்தார் என்று யாரும் கேட்கவில்லை. புது ஊர், வழி தெரியாமல் மாட்டிக்கொண்டார் என்று எல்லோரும் தங்களுக்குள் முடிவு செய்துகொண்டார்கள். சின்னவனுக்கு மேற்பார்வையாளர் பொறுப்பைத் திருப்பிக் கொடுக்கப் பேச்சு நடப்பதாக அலுவலகத்திலிருந்து தகவல் கசிந்தது.

ஞாயிற்றுக்கிழமை சின்னவன் குடும்பத்தோடு அண்ணன் வீட்டுக்கு வந்தான். அவன் மனைவி நேராகச் சமையலறைக்குப் போய், யாரும் சொல்லாமலே பாத்திரத்தைக் கழுவ ஆரம்பித்தாள். "கையில கட்டை வச்சுக்கிட்டு இதெல்லாம் எதுக்குக்கா? தள்ளுங்க," என்றாள். மன்னிப்பு என்று அவள் கேட்டது அவ்வளவுதான். பாதையக்காவுக்கு அது போதுமாக இருந்தது.

"ஆறு வந்தாத்தான் என் தம்பி வருவான் போலிருக்கு," என்றான் அவள் கணவன். "அடுத்த தடவை அணையைத் திறக்கறப்போ எனக்கும் சொல்லுங்கப்பா, சாப்பாட்டை அதிகமா வைக்கணும்."

"உனக்கு அண்ணி சொன்னாதான் சோறே இறங்கும். நீ எங்க அதிகமா வைக்கறது?" என்றான் சின்னவன். எல்லோரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் அப்படிச் சிரித்து எத்தனை நாளாகிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

கண்ணாடிக் கடைக்காரர் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தது அப்போதுதான். புதுக் கண்ணாடி போட்டிருந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். நன்றி சொல்ல வந்தவர், சொல்லத் தெரியாமல் வேறு எதையோ பேசினார். வண்டிச் சங்கிலி கழன்று பல்சக்கரத்துக்குள் சிக்கிக்கொண்டதாம். சங்கு ஊதினபோது ஏதோ மில்லில் ஷிப்ட் முடிகிறது என்று நினைத்தாராம். ஓடை வாயில் நிழலாக இருந்ததால் அங்கே உட்கார்ந்து கழற்றிக்கொண்டிருந்தாராம்.

"என் தப்புதாங்க. நான் இன்னும் சத்தமாக் கூப்பிட்டிருக்கணும்," என்றார்.

"யாரை?" என்றான் சின்னவன்.

"சைக்கிள் மணிச் சத்தம் கேட்டுச்சுங்க. முதல்ல இந்தப் பக்கம் ஒண்ணு. அப்புறம் அந்தப் பக்கம் ஒண்ணு. அப்பாடா, ஆள் வருது, சங்கிலியைப் போட்டுத் தருவாங்கன்னு நெனச்சேன். பாப்பாகிட்டகூட சொன்னேன், இதோ மாமா வர்றாங்கன்னு. கூப்பிட்டும் பார்த்தேன். அப்புறம் ரெண்டு சத்தமும் போயிடுச்சு. யாரா இருக்கும்னுதான் தெரியல."

பாதையக்கா தனக்கே வேகமாகத் தோன்றிய குரலில் சொன்னாள்: "ஓடைச் சத்தத்துல அப்படித்தாங்க எல்லாம் கேக்கும். மணி மாதிரியே இருக்கும்."

"அப்படியா? இருக்கும், இருக்கும்," என்றார் அவர் மரியாதையாக.

சின்னவன் கையில் இருந்த தம்ளரைக் கீழே வைத்தான். அவர் போன பிறகு, கை கழுவப் பின்பக்கம் போனவன், அண்ணி வரும்வரை குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான்.

"அவரு கேட்டது நம்ம மணி, அண்ணி."

"தெரியும்."

"தெரிஞ்சுமா அப்படிச் சொன்னீங்க?"

"தெரிஞ்சு இப்ப என்ன பண்ணணும்ங்கற? ஆள் பொழச்சாச்சு. குழந்தை நல்லா இருக்கு. உனக்கு மேற்பார்வை வேலை திரும்பி வருது. உன் பொண்டாட்டி அஞ்சு மாசத்துக்கு அப்புறம் என் அடுப்படியில நிக்கறா. இனிமே நாம ஒழுங்கா இறங்கி முட்டிக்கப் போறோம். முடிஞ்சு போச்சு."

"எனக்காகவா சொல்றீங்க?"

"வேற யாருக்காக?"

அவன் குழாயை மூடினான். "சரி அண்ணி," என்றான். எதற்குச் சரி என்று அவள் கேட்கவில்லை. அன்று அவள் நிம்மதியாகத் தூங்கவும் செய்தாள், அல்லது தூங்கியதாக நினைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை பொறியாளர் கூப்பிட்டனுப்பினார். பாராட்டு விழாவுக்குத் தேதி கேட்கத்தான் என்று நல்ல புடவை கட்டிக்கொண்டு போனாள். பொறியாளர் அவளைவிட வயதில் சின்னப் பெண், எப்போதும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். அறையில் சுவரோரமாகச் சின்னவன் நின்றிருந்தான். அவன் நின்ற தோரணையைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"உக்காருங்கக்கா," என்றார் பொறியாளர். "முட்டியாச்சுன்னா என்ன அர்த்தம்?"

"டயரும் டயரும் முட்டிருச்சு, நடுவுல ஆள் இல்லன்னு அர்த்தம்மா."

"செவ்வாய்க்கிழமை முட்டுச்சா?"

அவள் சின்னவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்க்கவில்லை, ஆற்றுப் பக்கம் முகத்தைத் திருப்பவும் இல்லை. அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இல்லம்மா."

"அதுக்கு முந்தின தடவை?"

"மே மாசத்துக்கு அப்புறம் ஒரு தடவைகூட முட்டல."

பொறியாளர் பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மே மாசம் நீங்கதானேக்கா என்கிட்ட வந்து சொன்னீங்க, ஒரு நாள் விதியை மீறினாக்கூட உயிர் போகும்னு?"



படிக்கட்டில் இருவரும் சேர்ந்துதான் இறங்கினார்கள். பாதிப் படியில் அவள் நின்றாள். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்திருக்கலாமே."

"நீங்க அன்னைக்குச் சொல்லிட்டா வந்தீங்க?" அவன் குரலில் கோபம் இல்லை.

"சொல்லியிருந்தா நீ தடுத்திருப்ப."

"நேத்து சொல்லிட்டு வந்திருந்தா நீங்களும் தடுத்திருப்பீங்க."

அவள் கட்டுப் போட்ட கையைக் கைப்பிடிச் சுவரில் வைத்துக்கொண்டு மீதிப் படிகளை இறங்கினாள். கீழே அவன் தன் சைக்கிளை எடுத்துக்கொண்டு கீழ்வாசல் பக்கம் போனான். அவள் மேல்வாசல் பக்கம் போனாள்.

அந்த வாரமே கண்ணாடிக் கடைக்காரருக்கு நகராட்சியிலிருந்து விவரம் சொல்லப்பட்டது. அவர் புகார் எதுவும் கொடுக்கவில்லை. சின்னவன் வீட்டிலிருந்து மறுபடி யாரும் வரவில்லை.

நவம்பர் முதல் தேதி இருவரும் பாதை வேலையிலிருந்து எடுக்கப்பட்டார்கள். பாதையக்கா பூங்காச் செடிகள் வளர்க்கிற தோட்டத்துக்கும், சின்னவன் குடிநீர்த் தொட்டிக்கும் மாற்றப்பட்டார்கள். பள்ளத்தில் புதர்கள் வெட்டப்பட்டன. ஓடை வாய்க்குப் பக்கத்தில் சுவரில் இரும்பு ஏணி ஒன்று பதிக்கப்பட்டது. அந்த மாதக் கடைசியில் அணை மறுபடி திறக்கப்பட்டபோது, புதிதாக வந்த இரண்டு காவலர்கள் பாதையை மூடினார்கள். பள்ளத்தில் யாரும் இல்லை.